நெடுநாள் நின்றுபோன 1965–66 மஸ்டாங்கை மீண்டும் சாலைக்குக் கொண்டுவருவது எப்படி

பத்து, இருபது வருடம் கொட்டகையில் நின்ற ஃபோர்டு மஸ்டாங் கார் கைக்கு வந்ததும், புது பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருகிப் பார்க்கத்தான் எல்லாருக்கும் கை துடிக்கும். தயவுசெய்து திருகாதீர்கள். சிலிண்டர் சுவரில் ஆயில் படலம் காய்ந்திருக்கும், பிஸ்டன் ரிங்குகள் துருவில் ஒட்டியிருக்கலாம், டேங்கில் கிடப்பது பெட்ரோலாக இருக்காது, பிசினாக இருக்கும். இத்தனை வருடம் கெடாமல் இருந்த இன்ஜினை செல்ஃப் மோட்டாரின் பத்து நொடி கெடுத்துவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் 289 கன அங்குல வி8 இன்ஜின் கொண்ட 1965, 1966 மாடல்களுக்கு. பழைய அமெரிக்கக் கார் வேலையைப் புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது. 1964 ஏப்ரலில் விற்பனைக்கு வந்த மஸ்டாங், 1966லேயே பத்து லட்சத்தைத் தாண்டியது. அதனால்தான் கதவுத் தகட்டிலிருந்து சின்னத் திருகாணி வரை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

பாகங்கள் வாங்கும் முன் வண்டி எண்ணைப் படியுங்கள். பானெட்டைத் திறந்தால், டிரைவர் பக்க (அமெரிக்க வண்டியில் இடப்பக்கம்) உள் மட்கார்டு தகட்டின் மேல் விளிம்பில் பொறித்திருக்கும். முதல் இலக்கம் வருடம், இரண்டாவது எழுத்து தொழிற்சாலை: எஃப் என்றால் டியர்பார்ன், ஆர் என்றால் சான் ஹோசே, டி (T) என்றால் மெடுச்சன். அடுத்த இரண்டு இலக்கம் பாடி வகை. 07 ஹார்டுடாப் (நிலையான கூரை), 08 கன்வெர்ட்டிபிள் (மடக்கும் கூரை), 09 ஃபாஸ்ட்பேக் (பின்னால் சரியும் கூரை). ஐந்தாவது எழுத்துதான் முக்கியம். சி என்றால் இரட்டைக் குழல் கார்புரேட்டருடன் 200 குதிரைத்திறன், ஏ என்றால் நான்கு குழலுடன் 225, கே என்றால் 271. டி (T) என்று இருந்து உள்ளே வி8 உட்கார்ந்திருந்தால், ஆறு சிலிண்டர் வண்டியில் பின்னாளில் யாரோ இன்ஜின் மாற்றியிருக்கிறார்கள். அப்போது சக்கர நட்டுகளை எண்ணுங்கள். கம்பெனி வி8 வண்டிக்குச் சக்கரத்துக்கு ஐந்து நட்டு, ஆறு சிலிண்டருக்கு நான்கு. நான்கு நட்டோடு வி8 ஓடுகிறதென்றால், கீழே இருப்பது 9 அங்குல டிரம்மும் சின்ன பின் ஆக்சிலும். அந்த இன்ஜினின் வேகத்துக்கு அந்த பிரேக் போதாது.

முதலில் துரு

இந்த வண்டியின் தீராத நோய் கவுல். முன் கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் துளைகள் இருக்கின்றனவே, அவற்றின் அடியில் ஒரு மூடிய பெட்டி. இலைச்சருகு விழுந்து ஈரம் தேங்கி, உள்ளே காற்றுக்குழாய் மேலெழும் வளையத்தைச் சுற்றித் துரு பிடிக்கும். பிறகு மழைநீர் நேராகக் காலடித் தகட்டில் இறங்கும். காலடித் தகடு ஓட்டையாக இருப்பதைப் பார்த்து அதை மட்டும் வெல்டிங் செய்து புதிதாகப் போடுபவர்கள் பலர். கவுல் ஒழுகும்வரை புதுத் தகடும் அதே வழியில்தான் போகும். சோதிப்பது சுலபம்: காலடிக் கம்பளத்தை எடுத்துவிட்டு, தோட்டத்து ஹோஸால் கவுலில் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். இன்னொருவர் டாஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்க்கட்டும். சொட்டினால், மேல் கவுலின் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டுக் கழற்றித்தான் சரிசெய்ய முடியும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் தொப்பியை ஒட்டினால் கொஞ்ச காலம் தாங்கும், அவ்வளவுதான். முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் டார்க் பாக்ஸ் (torque box) என்னும் பெட்டித் தகடு, முன் ஸ்பிரிங் மேல்நோக்கி உட்காரும் ஷாக் டவர் இரண்டையும் விரிசலுக்காகப் பாருங்கள். வண்டியின் முழு விறைப்பும் அங்கேதான் இருக்கிறது.

இன்ஜினுக்கு முன்னால் பிரேக்

ஓடும் ஆனால் நிற்காத காரை யாரும் விரும்பமாட்டார்கள். 1966 வரை இந்த வண்டிக்கு, பெடலின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறைதான். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 1967இல் வந்த இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரை வாங்கி, முன்பக்கக் குழாயையும் பின்பக்கக் குழாயையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். அசல் தோற்றம் கெடுமே என்று தயங்குகிறவர்களும் இந்த ஒரு மாற்றத்தைச் செய்யலாம்; தெருவில் ஓட்டும் வண்டிக்கு இது அவசியம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. முன்சக்கரத்துக்கு டிஸ்க் போட்டிருந்தால், டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரை அப்படியே பொருத்தாதீர்கள். அதன் உள்ளே எஞ்சிய அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் சின்ன வால்வு, டிஸ்க் பேடுகளை உரசிக்கொண்டே வைத்திருக்கும்.

நான்கு வீல் சிலிண்டர், முன்பக்கம் இரண்டும் பின்பக்கம் ஒன்றுமாக மூன்று ரப்பர் ஹோஸ், எல்லாமே புதிது போடுங்கள். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பெடலை மிதித்து விட்டபின் ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டே இருந்தால் அதுதான் காரணம். டாட் 3 பிரேக் ஆயில் ஊற்றி, தூரத்துச் சக்கரத்திலிருந்து காற்று எடுங்கள்: பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது.

பெட்ரோல்

மஸ்டாங்கின் டேங்க், டிக்கி தரையின் ஒரு பகுதியாகவே மேலிருந்து இறக்கி, விளிம்பில் திருகாணியால் பிடித்தது. கொள்ளளவு 16 கேலன், ஏறக்குறைய 60 லிட்டர். கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துத் துரு இருந்தால், கழுவிப் பூசும் வேலைக்குப் போகாமல் புது டேங்க் வாங்குவதே மேல். உள்ளே பூசிய பூச்சு சில வருடத்தில் உரிந்து ஃபில்டரை அடைக்கும். பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவை யூனிட்டை மல்டிமீட்டரில் பாருங்கள். காலியில் ஏறக்குறைய 73 ஓம், நிறைந்தால் 10 ஓம் காட்ட வேண்டும். ரப்பர் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகையில் மாற்றுங்கள்.

மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பு 4 முதல் 6 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தம் தரும். அதன் டயாஃப்ரம் காய்ந்து கிழிந்திருந்தால், பெட்ரோல் வெளியே ஒழுகுவதோடு ஆயில் சம்ப்புக்குள்ளும் இறங்கலாம். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஊற்றாமலே அளவு ஏறியிருந்தாலோ இன்ஜினைச் சுற்றவே கூடாது. மெல்லிய ஆயிலில் பேரிங் போய்விடும்.

இன்ஜினை எழுப்புதல்

எட்டு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சுமார் 30 மில்லி ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். இரண்டு நாள் விடுங்கள். பிறகு கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் 15/16 அங்குல சாக்கெட்டைப் போட்டு, முன்னாலிருந்து பார்க்கும்போது வலச்சுற்றாகக் கையால் திருப்புங்கள். நகரவில்லையென்றால் நீளக் குழாய் மாட்டி இழுக்கக் கூடாது. இன்னும் ஊற்றுங்கள், இன்னும் ஒரு வாரம் விடுங்கள். எலி வால்வுக்குப் பக்கத்தில் கூடு கட்டியிருந்தாலோ, ஒரு வால்வு திறந்த நிலையில் ஒட்டியிருந்தாலோ, பலமாக இழுத்தால் புஷ்ராடு வளையும்.

சுற்றத் தொடங்கியதும், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து ஒரு சோதனை. கிராங்கை ஒரு பக்கம் திருப்பி, பின் எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். அதன் உள்ளே சுழலும் ரோட்டர் அசையத் தொடங்கும்முன் கிராங்க் நிறைய டிகிரி நகர்ந்துவிட்டால், டைமிங் செயின் தளர்ந்திருக்கிறது. அதை இப்போதே மாற்றினால் சில மணி நேர வேலை. ஓடும்போது பல் தாண்டினால் பெரிய செலவு.

இனி வரும் வேலையைத்தான் பலர் தவிர்க்கிறார்கள், இன்ஜினைக் காப்பாற்றுவதும் இதுதான். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஃபில்டரோடு 5 குவார்ட், அதாவது 4.7 லிட்டர் ஊற்றுங்கள். பழைய தட்டை டாப்பெட் கேம்ஷாஃப்டுக்குத் துத்தநாகச் சேர்மானம் உள்ள ஆயில் தேவை; இன்றைய கார்களுக்கான சாதாரண ஆயிலில் அது குறைவு. பிறகு ரோட்டர் நிற்கும் திசையைக் குறித்துக்கொண்டு டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றுங்கள். உள்ளே கால் அங்குல அறுகோணத் தண்டு தெரியும். அது ஆயில் பம்பை ஓட்டுவது. நீண்ட எக்ஸ்டென்ஷனில் கால் அங்குல சாக்கெட்டை மாட்டி, சாக்கெட் கழன்று உள்ளே விழாதபடி டேப் சுற்றி, டிரில்லில் பொருத்தி இடச்சுற்றாக ஓட்டுங்கள். திசை மாறினால் அழுத்தம் வராது. டிரில் திடீரெனக் கனக்கும். அப்போது ஆயில் ஏறிவிட்டது என்று பொருள். டிரில் ஓடிக்கொண்டிருக்கும்போது உதவியாளர் கிராங்கை சரியாக இரண்டு சுற்று திருப்பட்டும். இரண்டு சுற்றில் கேம் பழைய நிலைக்கே வந்துவிடும் என்பதால் ரோட்டர் குறி மாறாது. ராக்கர் மூடிகளைக் கழற்றி, பதினாறு ராக்கரிலும் ஆயில் வருகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.

தீப்பொறி

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயின்ட்டின் இடைவெளி 0.017 அங்குலம், பிளக் 0.034. பாயின்ட்டை மாற்றினால் கண்டன்சரையும் மாற்றுங்கள். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-5-4-2-6-3-7-8, டிஸ்ட்ரிபியூட்டரில் இடச்சுற்றாக. சிலிண்டர் எண்கள், டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால், வலப்பக்கம் முன்னிருந்து பின்னாக 1 முதல் 4, இடப்பக்கம் 5 முதல் 8. ஏழும் எட்டும் அருகருகே இருந்து அடுத்தடுத்து எரிபவை. அவற்றின் வயர்கள் ஒட்டி இணையாக ஓடினால் ஒன்றின் மின்தூண்டல் மற்றதில் பொறியை எழுப்பும், விலக்கிக் கட்டுங்கள்.

செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் பிடிக்கிறது, சாவியை விட்டதும் அணைந்துவிடுகிறது என்றால் கார்புரேட்டரில் கை வைக்காதீர்கள். செல்ஃப் அடிக்கும்போது காயிலுக்கு முழு பேட்டரி வோல்ட் வேறு வழியில் போகும், ஓடும்போது ஒரு ரெசிஸ்டன்ஸ் வயர் வழியாகக் குறைந்து போகும். அந்த இளஞ்சிவப்பு வயர் அறுந்திருக்கிறது.

முதல் ஸ்டார்ட்

தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். டேங்கை நம்பாமல், சுத்தமான கேனிலிருந்து பம்புக்கு ஹோஸ் கொடுங்கள். டாஷ்போர்டு விளக்கை நம்பாமல், தற்காலிகமாக மெக்கானிக்கல் ஆயில் மீட்டர் பொருத்துங்கள். பிடித்த சில நொடியில் முள் ஏறாவிட்டால் உடனே அணையுங்கள். சூடேறியபின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் 35 முதல் 55 பி.எஸ்.ஐ. நின்றால் பேரிங்குகள் நலம். டாப்பெட் டிக்டிக் சத்தம் முதல் சில நிமிடம் இருக்கும், ஆயில் நிறைந்ததும் அடங்கும். நீலப் புகை நீங்கள் ஊற்றிய ஆயில். வெள்ளைப் புகை இனிப்பு வாடையோடு நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கெட். மேல் ரேடியேட்டர் ஹோஸ் சூடாகும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட்டில் பார்த்து, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 6 டிகிரி முன்கூட்டிப் பொறி விழும்படி வைத்துத் தொடங்குங்கள்.

ஓட்டும்போது

டயரில் எவ்வளவு பட்டன் இருந்தாலும் பத்து வருடம் கடந்ததை மாற்றுங்கள்; 14 அங்குல ரிம்முக்கு 195/75 ரேடியல் சரியாகப் பொருந்தும். சி4 ஆட்டோமேட்டிக் கியருக்கு டைப் எஃப் ஆயில் மட்டும். இந்த இரண்டு வருடத்து கியர் லீவரில் சின்னப் புள்ளி, பெரிய பச்சைப் புள்ளி என்று இரண்டு இருக்கும். சின்னப் புள்ளியில் வண்டி இரண்டாம் கியரிலேயே கிளம்பும், இழுவை இல்லாதது போலத் தோன்றும். இதைத் தெரியாமல் நல்ல கியர்பாக்ஸைக் கழற்றியவர்கள் உண்டு. பச்சைப் புள்ளியில் வையுங்கள், மூன்று கியரும் கிடைக்கும்.

முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி, குறைந்த வேகத்தில், பிரேக்கைச் சோதித்தபடி. திரும்பி வந்து நான்கு டிரம்மையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அது உரசுகிறது. நூறு மைல் ஓடியதும் ஆயிலை மறுபடி மாற்றுங்கள், கறுத்தே வரும். அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரத்துக்குக் குறையாமல் சாலையில் ஓட்டுங்கள். நிறுத்திய இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தால், எரிந்த வாயுவின் ஈரம் ஆயிலிலும் சைலன்ஸரிலும் தங்கி, அங்கிருந்தே மறுபடி துரு தொடங்கும்.