மலையகத்தில் ஒரு பழைய பென்ஸ்: வீட்டிலேயே செய்யும் பராமரிப்பும் மேம்பாடும்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கண்டி ஏறத்தாழ 500 மீற்றரில் இருக்கிறது. இரண்டு பேர் ஏறிய, ஒன்றரைத் தொன் நிறையுள்ள ஒரு கார் மேலிருந்து ரம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்கும்போது இழக்கும் சக்தியைக் கணக்கிட்டுப் பார்த்தால், ஐம்பது லீற்றருக்கு மேற்பட்ட குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பத்துக்கு அது சமமாகும். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயர்களும் எஞ்சினும் ஏற்றுக்கொள்கின்றன. மீதி முழுவதும் பிரேக்கில் இறங்குகிறது. ஆகவே மலையகத்தில் பழைய சொகுசுக் காரொன்றை வைத்திருப்பவர் முதலில் பிரேக், அடுத்து குளிர்விப்பு, பிறகு மழைநீரும் மின்சாரமும், கடைசியாக அழகு என்ற வரிசையில் பணத்தையும் உழைப்பையும் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலானோர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றுவதைப் பார்க்கிறேன்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது பென்ஸ் டபிள்யூ 124 வகைக் காரை. 1984 இன் இறுதியில் அறிமுகமாகி 1990களின் நடுப்பகுதி வரை தயாரிக்கப்பட்ட இந்தக் கார்கள் நம் நாட்டில் இன்றும் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்களைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்ளும் பழக்கம் பலருக்கு வந்தது. என்னிடம் இருப்பது 2.3 லீற்றர் பெற்றோல் எஞ்சினும் நான்கு கியர் தானியங்கிப் பெட்டியும் கொண்ட 230 ஈ. இங்கே கூறும் முறைகளில் பெரும்பாலானவை அதே காலத்து வேறு கார்களுக்கும் பொருந்தும்.

பிரேக் ஒயில்

காரை வாங்கிய இரண்டாவது ஆண்டில், ஒரு மாலை மழையில் ரம்பொடைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தபோது பிரேக் பெடல் பஞ்சு போல இளகி, அடுத்த வளைவில் ஏறத்தாழத் தரையைத் தொட்டது. கியரை 2 இல் போட்டு, மலைப்பக்க ஓரத்தில் சக்கரத்தை உரசவிட்டு நிறுத்தினேன். அரை மணி நேரம் கழித்துப் பெடல் பழையபடி இறுகி நின்றது. மறுநாள் திறந்து பார்த்தபோது, இளமஞ்சளாகத் தெளிந்திருக்க வேண்டிய பிரேக் ஒயில் சாயத்தண்ணீரின் நிறத்தில் இருந்தது. முன்பு அதைச் சர்வீஸ் செய்த கராஜில் எஞ்சின் ஒயிலை மாற்றியவர்கள் இதைத் தொடவே இல்லை.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டொட் 4 தரத்தின்படி புதிய ஒயிலின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியசாக இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கு அந்தத் தரம் வைக்கும் எல்லை 155 பாகை மட்டுமே. பல ஆண்டுகள் மாற்றாவிட்டால் அது இன்னும் கீழே போகும். நீண்ட இறக்கத்தில், சக்கரத் தட்டைப் பேட்களால் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் ஒயில் கொதித்தால் ஆவிக் குமிழ்கள் உருவாகும். திரவம் அழுத்தத்தைக் கடத்தும், ஆவியோ நசுங்கிவிடும், அதனால்தான் பெடல் கீழே போகிறது. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிடுவதால் கோளாறு மறைந்துவிட்டது போலத் தோன்றும். ஆண்டின் பெரும்பகுதி மழையும் மூடுபனியும் உள்ள நம் பகுதியில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒயிலை மாற்றுவது கட்டாயம்.

இதற்கு வேண்டியவை: முத்திரை உடையாத ஒரு லீற்றர் டொட் 4, தெளிந்த பிளாஸ்டிக் குழாய், ஒரு போத்தல், பெரிய ஊசிக்குழல், பொருத்தமான ரிங் ஸ்பானர், பெடலை மிதிக்க ஓர் ஆள். சமதரை மிக முக்கியம். நம் முற்றங்கள் பெரும்பாலும் சரிவானவை. சரிவில் ஜாக்கி வைத்து இந்த வேலையைச் செய்யவே கூடாது. சமதரையில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சக்கர போல்ட்களைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்தி, பிறகு தூக்கி, ஸ்டாண்ட் மீது இறக்கி வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே ஒரு கையைக்கூட நீட்டக் கூடாது.

காலிப்பர்களிலுள்ள காற்று நீக்கும் திருகுகளில் முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். திறந்த வாய் ஸ்பானரால் திருகினால் முனை மழுங்கிவிடும். திருகு உடைந்தால் காலிப்பரையே கழற்ற நேரிடும். பொனட்டுக்குக் கீழுள்ள ஒயில் தாங்கியின் மூடியைத் துடைத்துத் திறந்து, பழைய ஒயிலை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்புங்கள். பிறகு, பெடலை மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். வெளிநாட்டுக் கைநூல்கள் பல வலது பின்சக்கரத்திலிருந்து தொடங்கச் சொல்வது இடப்பக்க ஸ்டியரிங் கார்களுக்காக. நம் கார்களில் மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருப்பதால் இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என்பதே வரிசை.

குழாயின் ஒரு முனையைத் திருகில் மாட்டி, மறுமுனையைச் சிறிது புதிய ஒயில் உள்ள போத்தலில் அமிழ்த்துங்கள். பெடலில் இருப்பவரிடம் “மிதி” என்றதும் மெதுவாக மிதிக்கவும், “விடு” என்று சொல்லும்வரை காலை எடுக்காதிருக்கவும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவர் மிதித்திருக்கும்போது திருகைக் கால் சுற்றுத் திறந்து, ஒயில் வந்ததும் மூடி, அதன் பின்னரே “விடு” என்று சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுப் பழைமையான மாஸ்டர் சிலிண்டரில் பெடலைத் தரைவரை மிதிக்கக் கூடாது. பிஸ்டன் வழக்கமாகப் போகாத ஆழத்தில் துரு படிந்திருக்கும், அது ரப்பர் வளையங்களைக் கிழித்துவிடும். பெடலுக்குக் கீழே ஒரு மரத்துண்டை வைத்துவிட்டால் இந்தக் கவலை இல்லை. தெளிந்த ஒயில் குமிழின்றி வரும்வரை தொடருங்கள். ஆனால் தாங்கியில் மட்டம் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போகக் கூடாது. ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, உள்ள காரில் காற்று அந்த அலகுக்குள் புகுந்தால் வெளியேற்றுவது கடினம். பெயின்ட்டில் ஒயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

சக்கரங்கள் கழன்றிருக்கும்போதே ரப்பர் பிரேக் குழாய்களையும் பாருங்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் பழைய குழாய்கள் உள்ளே உப்பிவிடும். அப்போது பெடலை விட்ட பின்னும் அழுத்தம் திரும்பாமல் அந்தச் சக்கரம் உரசிக்கொண்டே சுழலும். ஒரு பயணத்துக்குப் பிறகு ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால், காலிப்பரைக் குறைகூறுவதற்கு முன் குழாயைச் சந்தேகியுங்கள். பேட்களின் தடிப்பு மூன்று மில்லிமீற்றருக்கு வந்தாலே நான் மாற்றிவிடுகிறேன். சக்கர போல்ட்களை இறுக்க வேண்டிய அளவு 110 நியூட்டன் மீற்றர்.

நிறுத்தல் பிரேக்கின் சப்பாத்துகள் பின்சக்கரத் தட்டுகளுக்கு உள்ளே தனியாக இருக்கின்றன. பின்சக்கரத்தைத் தூக்கி, ஒரு போல்ட்டைக் கழற்றி, அந்தத் துளைக்கு நேரே பல்சக்கரம் போன்ற திருகு தெரியும்வரை சக்கரத்தைச் சுழற்றி, நீண்ட திருப்புளியால் சக்கரம் இறுகும்வரை திருப்பி, பிறகு உரசாமல் சுழலும்வரை சில பற்கள் பின்னுக்குத் தளர்த்தினால் போதும். சரிவில் நிறுத்தும் நமக்கு இந்தக் கால் மணி நேர வேலை பெரிய பயன் தரும்.

இறக்கத்தில் கியரை டி யிலேயே விடாமல், ஏறும்போது எந்தக் கியர் தேவைப்படுமோ அதை, அதாவது 3 ஐயோ 2 ஐயோ, வளைவுகள் தொடங்குவதற்கு முன்பே தேர்ந்தெடுங்கள். பிரேக்குக்கு உதவும் வெற்றிடப் பூஸ்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டே வேலை செய்கிறது. நுவரெலியாவில் அந்த அழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எனவே மேலே பெடல் சற்றுக் கடினமாக இருப்பது இயல்பு. எஞ்சின் ஓடாதபோது இறக்கத்தில் உருட்டுவது மிக ஆபத்து.

குளிர்விப்பு

நுவரெலியாவின் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். இந்த எஞ்சினில் குளிர்நீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தேர்மோஸ்டாட் திறக்கத் தொடங்குவதோ 87 பாகையில். இடையில் இருப்பது ஏழு பாகை மட்டுமே. அதைப் பெரிதாக்கித் தருவது குளிர்நீர்த் தாங்கியின் மூடி. என் காரின் மூடியில் 140 என்று பொறிக்கப்பட்டிருக்கிறது, 1.4 பார் அழுத்தம்வரை அது தாங்கும் என்பது பொருள். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 பாகைக்கு மேல்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் இறுகிப்போனாலோ வால்வு தளர்ந்தாலோ இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். “மலையேறினால் சூடேறுகிறது” என்று ரேடியேட்டரையே மாற்றியவர்களைக் கண்டிருக்கிறேன். முதலில் அதே எண்ணுள்ள புதிய மூடியொன்றை வாங்கிப் போட்டுப் பாருங்கள். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது.

கூலன்ட் குளிர் நாடுகளுக்குத்தான் தேவை என்று எண்ணி வெறும் தண்ணீர் ஊற்றும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. இந்த எஞ்சினின் அடிப்பாகம் வார்ப்பிரும்பு, தலைப்பாகம் அலுமினியம். இரு உலோகங்களுக்கிடையே வெறும் தண்ணீர் அரிப்பை உண்டாக்கும். கூலன்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாகக் கலந்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஊற்றும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தால் அதன் குழாய்களிலுள்ள காற்றும் வெளியேறும். கொழும்பில் ஹீட்டரைத் தொட்டறியாதவர்கள் உண்டு. நமக்குக் கண்ணாடியின் மூடுபனி விலக அது அன்றாடத் தேவை.

ரேடியேட்டரின் இரு பக்கத் தாங்கிகளும் பிளாஸ்டிக்கால் ஆனவை. மேல் ஹோஸ் பொருந்தும் கழுத்து காலப்போக்கில் மொறுமொறுப்பாகி, ஒருநாள் அப்படியே உடைந்துவிடும். அங்கே மெல்லிய வெடிப்போ வெண்படிவோ தெரிந்தால் ரேடியேட்டரை மாற்றிவிடுங்கள். பசை போட்டு ஒட்டியது கினிகத்தேனை ஏற்றத்தில் நிற்காது.

மழைநீரும் மின்சாரமும்

முன்கண்ணாடியின் அடியில், பொனட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் மழைநீர் வடியத் துளைகள் உண்டு. யூகலிப்டஸ் இலைகளும் தேயிலைத் தூசும் அவற்றை அடைத்துவிட்டால் தண்ணீர் தேங்கிக் காருக்குள் இறங்கும். கால்மிதியின் அடியில் ஈரம் இருப்பதை நாற்றம் வந்த பிறகே அறிவோம். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் இலைகளைக் கையால் அள்ளி, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, அது கீழே வடிவதைக் கண்ணால் பாருங்கள். கூரைக் கதவு இருந்தால் அதன் நான்கு மூலைகளுக்கும் இதே சோதனை.

இந்தக் கார்களின் பியூஸ்கள் பழைய உருளை வடிவானவை: வெள்ளை 8 அம்பியர், சிவப்பு 16 அம்பியர். அலுமினியப் பட்டை கொண்டவை ஈரத்தில் பூத்து, எரியாமலேயே மின்னோட்டத்தைத் தடுக்கும். வைப்பர் இடையிடையே நிற்பது, ஒருபக்க விளக்கு மங்குவது போன்ற பல கோளாறுகளின் காரணம் இதுதான். சாவியை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் செம்புப் பட்டை கொண்டவையாக மாற்றுங்கள். அம்பியர் அளவை மட்டும் கூட்டிவிடாதீர்கள். ஏபிஎஸ் விளக்கு எரிந்தபடி எஞ்சின் ஒழுங்கற்று ஓடினால், பெட்டரிக்குப் பின்னாலுள்ள மின்னழுத்தப் பாதுகாப்பு ரிலேயைப் பாருங்கள். அதன் தலையிலேயே பியூஸ் இருக்கும். அது நன்றாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால் உள்ளே ஈயப் பற்று வெடித்திருக்கலாம்.

1993 ஐ ஒட்டி வெளிவந்த மாதிரிகளை வாங்க எண்ணுபவர்கள் எஞ்சின் மேலுள்ள வயர்களைச் சற்று வளைத்துப் பார்க்க வேண்டும். அக்காலத்து வயர் உறைகள் வெப்பத்தில் பொடிந்து உதிரும் குறையுடையவை.

மேம்பாடுகள்

சொகுசைக் கூட்டுவதாக எண்ணிப் பதினேழு அங்குலச் சக்கரமும் தாழ்த்திய ஸ்பிரிங்கும் போடுவதை நான் ஏற்கமாட்டேன். தொழிற்சாலை தந்த 195/65 ஆர் 15 டயரின் உயரமான பக்கச்சுவர்தான் தோட்டப் பாதைகளின் குழிகளிலிருந்து காரையும் முதுகையும் காக்கிறது. காரைச் சற்று உயர்த்த வேண்டுமானால், ஸ்பிரிங்கின் மேல் வைக்கும் ரப்பர் தட்டு வெவ்வேறு தடிப்பில் கிடைக்கிறது; அதிலுள்ள ஒன்று முதல் நான்கு வரையான புள்ளிகள் தடிப்பைக் காட்டும். தடித்ததைப் போட்டால் போதும். ஆனால் முன் ஸ்பிரிங்கை உரிய உட்புற அழுத்துக்கருவி இல்லாமல் கழற்றுவது உயிராபத்து. அதை அனுபவமுள்ள கராஜ் பாஸிடம் விட்டுவிடுங்கள்.

நான் செய்த மேம்பாடுகளில் மிகப் பயனுள்ளது ஹெட்லைட்டுக்கு ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச், இணைத்தது. பழைய வயர்களும் சுவிட்சும் மின்னழுத்தத்தின் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதால் 60/55 வாட் பல்ப் மங்கலாக எரிகிறது. பெட்டரியிலிருந்து பியூஸுடன் தடித்த வயரை ரிலே வழியாக நேரே பல்புக்குக் கொண்டுபோய், பழைய வயரை ரிலேயை இயக்க மட்டும் பயன்படுத்தினால் அதே பல்ப் கண்கூடாக வெளுக்கும். மலிவான எல்இடி பல்புகளை இந்தப் பழைய பிரதிபலிப்பான்களில் போடாதீர்கள்; ஒளி சிதறி, மூடுபனியில் உங்கள் கண்ணையும் எதிரே வரும் லொறிச் சாரதியின் கண்ணையும் கூசவைக்கும்.

அலோய் சக்கரத்துக்கு மாறினால் இன்னொன்று: அதற்குரிய போல்ட்கள் நீளமானவை. டிக்கியிலுள்ள உதிரிச் சக்கரம் இரும்பானதாக இருந்தால், நீள போல்ட் உள்ளே துருத்தி நிறுத்தல் பிரேக்கின் பாகங்களில் இடிக்கும். ஐந்து குட்டை போல்ட்களை ஒரு துணிப்பையில் கட்டி உதிரிச் சக்கரத்துக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.