உங்கள் சபையின் குப்பைக் கணக்கை வேறு ஊர்களோடு ஒப்பிடுவது எப்படி

போன ஆவணியில் சூரிச்சில் இருந்து, இலங்கையின் கிழக்கில் உள்ள எங்கள் ஊருக்கு லீவில் வந்த மச்சான், காலையில் உழவு மெஷின் பெட்டியில் குப்பை ஏற்றிப் போவதைப் படலையில் நின்று பார்த்துவிட்டு, “அங்க குப்பை போடுற பைக்கே காசு, இங்க எல்லாம் சும்மா, பிறகெப்பிடி ஊர் துப்பரவாகும்?” என்றான். முற்றம் கூட்டிக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டு மாமி விடவில்லை. “சும்மாவா மனே? அப்ப சோலைவரி கட்டுறது என்னத்துக்கு?” இரண்டு பேர் சொன்னதிலும் பாதி பாதி சரி. சுவிஸின் பல ஊர்களில் பைக்குக் கொடுக்கும் காசு போக, வீட்டுச் சொந்தக்காரரிடம் ஓர் அடிப்படைக் கட்டணமும் தனியாக எடுக்கிறார்கள், மச்சானுக்கு அது வாடகைக்குள் போய்விடுவதால் கண்ணில் படுவதில்லை. மாமி உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் வீட்டுவரியான சோலைவரியோ குப்பைக்கு மட்டும் போவதில்லை, தெருவிளக்கும் வடிகாலும் அதற்குள்தான். இந்த வழிகாட்டியை நான் எழுத உட்கார்ந்தது அந்தக் காலைப் பேச்சுக்குப் பிறகுதான்.

ஒப்பிடும்போது முதலில் பார்க்கவேண்டியது, காசு யாருடைய சட்டைப்பையில் இருந்து போகிறது என்பதை. எவ்வளவு என்ற கேள்வி அதற்குப் பிறகு வரட்டும். நியூயோர்க்கில் வீட்டுக் குப்பைக்குத் தனியாக பில் இல்லை, நகரத்தின் பொது வரிப் பணத்தில் நகரத்தின் சொந்த ஊழியர்களே அள்ளுகிறார்கள். கடைகள் மட்டும் தனியார் வண்டிக்குக் காசு கொடுக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவில் ஒரே நிறுவனம் மூன்று தொட்டி வைத்து வீட்டுக்கு பில் அனுப்புகிறது. சிங்கப்பூரில் தண்ணீர், மின்சார பில்லோடு சேர்ந்து வருகிறது. சான் டியாகோவில் 1919ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் தனி வீடுகளுக்குக் கட்டணமே இல்லாமல் இருந்தது, 2022 நவம்பரில் மக்கள் வாக்களித்துத்தான் கட்டணம் வாங்க வழி திறந்தார்கள், அதாவது அதுவரைக்கும் தனி வீட்டுக்காரரின் குப்பைச் செலவில் அடுக்குமாடியில் இருந்தவர்களின் வரிப்பணமும் சேர்ந்திருந்தது. ஜேர்மனியில் காசு வரும் இன்னொரு சட்டைப்பை இருக்கிறது: 1991 முதல் பொதி உறைகளை அள்ளிப் பிரிக்கும் செலவு அந்த உறையைச் சந்தைக்கு விட்ட கம்பனிகளின் தலையில். எங்கள் ஊரில் யோகட் கப்பும் சம்போ பக்கெற்றும் சபையின் தலையில் விழுவதை இதோடு வைத்துப் பாருங்கள்.

நான் அதிக நேரம் செலவழித்தது தைவான் தலைநகர் தாய்பேயின் கணக்கில். அங்கே முன்பு தண்ணீர் பாவனையைக் கணக்கிட்டு அதோடு சேர்த்துக் குப்பைக் காசு எடுத்தார்கள், அதனால் குறைவாகக் குப்பை போட்ட வீட்டுக்கு ஒரு நன்மையும் இல்லை. 2000 ஜூலை 1 முதல் நகரசபை விற்கும் பையில் போட்டால்தான் எடுப்பார்கள் என்று மாற்றினார்கள். பைக்குக் காசு, ஆனால் பிரித்துக் கொடுக்கும் போத்தலுக்கும் கடதாசிக்கும் காசில்லை. குப்பை நிலத்தில் படக்கூடாது என்பது அவர்களின் விதி, அதனால் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் நேரத்துக்குச் சனம் பையோடு இறங்கி வந்து நேரே வண்டியில் போடவேண்டும். தென்கொரியா முழுவதும் 1995 ஜனவரி முதல் இதே மாதிரிப் பை முறை, பிறகு பல அடுக்குமாடிகளில் சாப்பாட்டுக் கழிவின் நிறையைப் பார்த்து அதற்கேற்பக் காசு அறவிடும் தொட்டியும் வந்தது. இந்த ஊர்களை எங்களோடு ஒப்பிடும்போது பையின் விலையை மட்டும் எடுத்துவராதீர்கள், அந்தப் பையைச் சுற்றி ஆள், நேரம், தண்டம், கண்காணிப்பு எல்லாம் நிற்கிறது.

எங்களுக்குக் கிட்ட இருப்பவை வேறு. இந்தியாவின் பூனே நகரத்தில் குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்களே உரிமையாளராக உள்ள ‘ஸ்வச்’ கூட்டுறவு 2008இல் மாநகராட்சியோடு உடன்படிக்கை செய்துகொண்டது. வீட்டுக்கு வருபவரின் கையில் வீட்டுக்காரர் மாதக் கட்டணம் கொடுக்கிறார், விற்கக்கூடிய பொருளில் வரும் காசும் அள்ளுபவருக்கே. கேரளாவில் ஹரித கர்ம சேனை என்ற குழுவின் பெண்கள் உக்காத குப்பையை மட்டும் வாசலில் வந்து வாங்குகிறார்கள், அதற்கு வீடுகள் மாதக் கட்டணம் கட்டுகின்றன, உக்கும் குப்பை வீட்டுப் பொறுப்பு. வளவும் மரமும் உள்ள வீடுகளுக்கு இது பொருந்தும். அடுத்த மதிலோடு மதில் ஒட்டிய காத்தான்குடி வீட்டுக்குப் பொருந்தாது, அங்கே குழி வெட்ட இடம் எங்கே?

சரி, இனி எங்கள் பக்கம். குப்பை அள்ளுவது சபை செய்யும் உபகாரம் என்று நினைக்கத் தேவையில்லை, மாநகரசபைக் கட்டளைச் சட்டத்திலும் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்திலும் அது சபையின் கடமை. உங்கள் சபையின் பாதீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2023 மார்ச்சில் இருந்து 2025 மே தேர்தல் வரை செயலாளரும் ஆணையாளரும்தான் சபைகளை நடத்தினார்கள், இப்போது பெரும்பாலான சபைகளில் உறுப்பினர்கள் இருப்பதால் வட்டார உறுப்பினரிடம் பிரதி கேட்கலாம். கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழில் எழுதிக் கொடுங்கள், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். கடிதம் கொடுத்த அன்றே பற்றுச்சீட்டு வாங்கிவிடுங்கள். நான் முதல் தரம் வாங்காமல் வந்து, ஒரு மாதம் கழித்துப் போனபோது கடிதமே கிடைக்கவில்லை என்றார்கள், திரும்பவும் முதலில் இருந்து தொடங்கவேண்டி வந்தது.

கேள்வி “குப்பைக்கு எவ்வளவு செலவு?” என்று மொட்டையாக இருந்தால் பதிலும் மொட்டையாக வரும். எத்தனை வீட்டில் அள்ளுகிறீர்கள், கிழமைக்கு எத்தனை தரம், நிரந்தர ஊழியர் எத்தனை பேர், தற்காலிக ஊழியர் எத்தனை பேர், டீசலுக்கும் திருத்த வேலைக்கும் வருடத்துக்கு எவ்வளவு, நாளுக்கு எத்தனை தொன், அது கொட்டப்படும் இடம் எது, கொம்போஸ்ட் விற்றும் பிளாஸ்டிக் விற்றும் வந்த வருமானம் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இதில் கவனிக்கவேண்டிய ஒன்று, நிரந்தர ஊழியரின் சம்பளத்தில் பெரும் பகுதி கொழும்பில் இருந்து மாகாண சபை வழியாக மீளளிப்பாக வருகிறது. வண்டிகளில் பல சுனாமிக்குப் பிறகும் யுத்தத்துக்குப் பிறகும் வெளிநாட்டு உதவியில் கிடைத்தவை. ஆகவே சபை தன் கணக்கில் காட்டும் செலவை அப்படியே சூரிச்சோடு வைத்தால் எங்கள் குப்பை மிக மலிவாகத் தெரியும். மலிவு இல்லை, வேறு யாரோ கட்டியிருக்கிறார்கள். வண்டி பழுதாகி நிற்கும்போது புதுசு வாங்கக் காசில்லாமல் போவதும் இதனால்தான்.

எண்கள் கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரு வீட்டுக்கு ஒரு மாதத்துக்கு என்று மாற்றுங்கள். உதாரணத்துக்கு ஒரு சபை, சம்பளத்தையும் சேர்த்து, வருடம் 2 கோடி ரூபா செலவழித்து 8,000 வீட்டில் அள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வருடம் 2,500, மாதம் 208 ரூபா. அதே சபையில் உங்கள் வீட்டுக்குச் சபை மதிப்பிட்ட வருடாந்தப் பெறுமதி 20,000, சோலைவரி அதில் 5 வீதம் என்றால் நீங்கள் வருடம் முழுக்கக் கட்டுவது 1,000 ரூபா, அதுவும் எல்லாச் சேவைக்கும் சேர்த்து. இடைவெளி எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். பிரதேச சபைகளில் சோலைவரி எடுக்கலாம் என்று பிரகடனம் செய்யாத பகுதிகளும் உண்டு, அங்கே வீட்டுக்காரர் ஒரு சதமும் கட்டாமல் இருக்கலாம், அதை உங்கள் தாளில் தனி வரிசையில் எழுதுங்கள். உலக வங்கி 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி வறிய நாட்டு நகரங்களின் பாதீட்டில் 20 வீதத்துக்குக் கிட்ட குப்பைக்கே போகிறது, பணக்கார நாடுகளில் 4 வீதம்தான். உங்கள் சபை எங்கே நிற்கிறது என்று பார்க்க இது ஓர் அளவுகோல்.

பிறகு உங்கள் வீட்டுக் குப்பையை நிறுத்துப் பாருங்கள், இதை விட்டுவிடாதீர்கள். நான் மீன்காரரிடம் தொங்கு தராசை இரவல் வாங்கி ஒரு கிழமை நிறுத்தேன். தேங்காய்ப்பூச் சக்கை, மீன் செதில், வாழைத்தோல், நனைந்த தேயிலைச் சக்கை என்று ஈரக் குப்பையே பாதிக்கு மேல். பாரம் எல்லாம் அதில்தான். பொலித்தீன் ஒரு பை நிறைய இருந்தும் தராசு முள் அசைந்த மாதிரியே இல்லை. வண்டி டீசல் எரித்துக்கொண்டு போவது பெரும்பாலும் வாழைத்தோலுக்குள் இருக்கும் தண்ணீரைக் காவிக்கொண்டுதான். அதனால் ஒரு ஊர் மலிவாக நடத்துகிறது என்று கேள்விப்பட்டால், ஈரக் குப்பை அந்த வண்டியில் ஏறுகிறதா இல்லையா என்று கேளுங்கள். ஏறாவிட்டால் அந்த மலிவு உண்மையான மலிவு.

கடைசியாகக் குப்பை போய்ச் சேரும் இடம். மலிவாகத் தெரியும் கணக்கில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான். அம்பாறையின் பள்ளக்காட்டில் திறந்த வெளியில் கொட்டிய குப்பைக்குள் யானைகள் பிளாஸ்டிக் தின்று செத்ததை உலகமே படத்தில் பார்த்தது, 2022 ஜனவரிச் செய்தியில் எட்டு வருடத்தில் 20 யானை அளவில் என்று சொன்னார்கள். கொழும்பின் குப்பை மலை மீதொட்டமுல்லயில் 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் சரிந்து 30 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்தச் செலவு எந்தச் சபையின் பாதீட்டிலும் இல்லை. உங்கள் ஒப்பீட்டுத் தாளில் அதற்கு ஒரு நிரல் விட்டு, கொட்டும் இடம் வேலி போட்டதா, அடியில் தண்ணீர் இறங்காமல் கட்டியதா, பக்கத்தில் கிணறு உண்டா, யார் வீடு இருக்கிறது என்று எழுதுங்கள். முடிந்தால் ஒரு நாள் வண்டிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்.

என் முடிவைக் கேட்டால், பைக்குக் காசு என்ற முறையை இப்போதே இங்கே கொண்டுவரக்கூடாது. வெறும் வளவும் வாவிக் கரையும் இலவசமாகக் கிடக்கும் வரை சனம் பை வாங்காது, இரவில் பாலத்தடியில் போடும், இல்லாவிட்டால் வேலி ஓரத்தில் கொளுத்தும். அந்தப் பொலித்தீன் புகையில் எங்கள் பிள்ளைகள் இருமுவதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. கேரளத்து வழியில், உக்காததை மட்டும் ஒழுங்கான நாளில் வாசலில் வாங்கிச் சிறு கட்டணம் எடுப்பதைத்தான் முதலில் ஒரு வட்டாரத்தில் செய்து பார்க்கச் சொல்வேன். மாதர் சங்கங்கள் இருக்கின்றன, பழைய போத்தல் கடதாசி வாங்கி சைக்கிளில் வருகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை வெளியே தள்ளாமல் உள்ளே சேர்க்கலாம்.

என்னிடம் இப்போது இரண்டு சபையின் எண்கள் இருக்கின்றன, மூன்றாவதுக்கு அக்கா காரைதீவில் இருந்து விண்ணப்பம் போட்டிருக்கிறா. நீங்கள் ஏறாவூரிலோ அக்கரைப்பற்றிலோ இருந்தால் மேலே சொன்ன அதே கேள்விகளை அதே ஒழுங்கில் கேளுங்கள், அப்போதுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வரும்.