ஊதுவதற்கு முன்பே தெரிந்துவிடும்: வாகனச் சோதனையில் பலரும் செய்யும் தவறுகள்

சனிக்கிழமை இரவு பதினொன்றரை மணி. சாலைத் தடுப்புக்கு முன்னால் ஒரு பைக் வந்து நிற்கிறது. ஓட்டி வந்தவர் வாயில் ஏலக்காயை மென்றுகொண்டிருக்கிறார். ஏட்டு உரிமத்தைக் கேட்கிறார், பர்ஸிலிருந்து ஏ.டி.எம். கார்டு வெளியே வருகிறது. "இது இல்லை சார், லைசென்ஸ்" என்கிறார் ஏட்டு. மீண்டும் பர்ஸுக்குள் விரல்கள் போகின்றன. "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று சாதாரணமாக அடுத்த கேள்வி. தேடிக்கொண்டிருந்த விரல்கள் அப்படியே நின்றுவிடுகின்றன. பதிலைச் சொல்லி முடித்த பிறகுதான் அவை மறுபடி அசைகின்றன. ஊதும் கருவி இன்னும் ஜீப்பில்தான் இருக்கிறது.

ஏலக்காயை நம்பியதுதான் அவர் செய்த முதல் தவறு. வாடையை மறைத்தால் போதும் என்று நினைத்தார். ஏட்டோ அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்யும் திறனை மது சீக்கிரமே குலைத்துவிடும். வண்டி ஓட்டுவது என்பதே ஒரே நேரத்தில் பல வேலைகள். அதனால்தான் கை பர்ஸில் இருக்கும்போது அந்தக் கேள்வி வருகிறது. அது நலம் விசாரிப்பு அல்ல. சைடு ஸ்டாண்டைப் போடாமலேயே இறங்கப் பார்ப்பவர், ஹெல்மெட் பட்டையோடு போராடுபவர், பத்து அடி தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேசுபவர் என்று எல்லாமே கணக்கில் சேரும். கோடு தாண்டி அலைவது, இருட்டில் விளக்கில்லாமல் வருவது, காலிச் சாலையில் காரணமில்லாமல் ஊர்ந்து வருவது எல்லாம் தூரத்திலேயே தெரிந்துவிடும். தடுப்பைக் கண்டதும் வண்டியைத் திருப்பினால், மற்றவர்களை விட்டுவிட்டு உங்களைத்தான் பார்ப்பார்கள்.

கருவியையும் ஏலக்காய் ஏமாற்றாது. அது அளப்பது வாயின் மணத்தை அல்ல. இரத்தத்திலிருந்து நுரையீரல் வழியாக மூச்சில் கலந்து வரும் ஆல்கஹாலை. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷால் கொப்பளித்துவிட்டு வருபவர்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது. சில நிமிடங்களுக்கு அது அளவைக் கூட்டித்தான் காட்டும். மருந்துக்காகவோ வாய் சுத்தத்துக்காகவோ உண்மையிலேயே கொப்பளித்திருந்தால், அதைச் சொல்லி, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் ஊதச் செய்யும்படி கேளுங்கள்.

"ஒரு பீர்தானே" என்ற சமாதானத்துக்கும் இங்கே இடம் குறைவு. இந்தியாவில் வரம்பு 100 மில்லி இரத்தத்துக்கு 30 மில்லிகிராம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் 80. இதைவிட மோசமானது "தூங்கி எழுந்துவிட்டேன்" என்ற நம்பிக்கை. கல்லீரல் இரத்தத்திலுள்ள இந்த அளவை மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம்தான் குறைக்கிறது. நள்ளிரவில் 150 இருந்தவருக்குக் காலை ஆறு மணிக்கும் 60 இருக்கும், அதாவது வரம்பைப் போல இரு மடங்கு. காபியும் குளியலும் விழிப்பைத் தரலாம். கல்லீரலை அவசரப்படுத்த முடியாது.

ஊத மறுப்பது இன்னொரு தவறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 205ஆவது பிரிவின்படி, தக்க காரணமில்லாத மறுப்பே அரசுத் தரப்புக்கு வலுச் சேர்க்கும் சூழ்நிலையாகக் கொள்ளப்படலாம். தகராறு செய்வதை விட்டுவிட்டு, ஊதுவதற்கு முன் கருவி பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள், புதிய ஊதுகுழல் கேளுங்கள், அச்சிட்ட சீட்டைக் கேளுங்கள். முடிவில் சந்தேகம் இருந்தால் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். இந்தக் குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் விடுவிக்க வேண்டும் என்கிறது 202ஆவது பிரிவு. முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் சொல்வதால், இந்தச் சீட்டு சாதாரணக் காகிதம் அல்ல.

காவலர்களும் தவறு செய்கிறார்கள். சர்க்கரை சட்டென்று இறங்கிய ஒருவர் வியர்த்து, நாக்குழறி, தள்ளாடுவார். கோபம் கூட வரும். சர்க்கரை எல்லை மீறி ஏறியவரின் மூச்சில் பழம் அழுகியது போன்ற வாடை அடிக்கலாம். தலையில் அடிபட்டவரும், பக்கவாதம் தொடங்கியவரும் அப்படியே தோன்றுவார்கள். இவர்களைக் குடிகாரர் என்று ஓரமாக உட்கார வைத்தால், அந்த அரை மணி நேரம் உயிரைக் கேட்கும். 1971இல் மகாராஷ்டிரத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமே, மூச்சில் மது வாடை, தள்ளாட்டம், குழறல், விரிந்த கண்மணி ஆகியவற்றை மட்டும் வைத்து ஒருவர் குடித்திருந்தார் என்று உறுதியாக முடிவு செய்ய முடியாது என்றது. சர்க்கரை நோயாளிகள் வண்டியை நிறுத்தியதும் முதலில் அதைச் சொல்லிவிடுவது நல்லது. பர்ஸில் நோயைச் சொல்லும் ஓர் அட்டை இருந்தால் இன்னும் நல்லது.

கருவி பூஜ்யம் காட்டினால் தப்பித்துவிட்டோம் என்பதும் சரியல்ல. கஞ்சாவையோ தூக்க மாத்திரையையோ அது காட்டாது. ஆனால் வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதைப்பொருளின் பிடியில் ஓட்டுவதும், குடித்துவிட்டு ஓட்டுவதைத் தண்டிக்கும் அதே 185ஆவது பிரிவில்தான் வருகிறது. சளிக்கு எழுதித் தரும் சில மாத்திரைகள் கண்ணைச் சொருக வைக்கும் என்பதை அட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள், யார் படிக்கிறோம்?

அந்த ஏலக்காய்க்காரரின் பின்னால் ஒரு நண்பர் உட்கார்ந்திருந்தார். ஏட்டு கருவியை எடுக்கப் போனபோது, "நான் ஓட்டவில்லையே சார்" என்று அவர் சிரித்தார். குடித்தவரை ஓட்டத் தூண்டுபவருக்கும் தண்டனை உண்டு என்கிறது 188ஆவது பிரிவு. ஏட்டு திரும்பி வந்து, அவருடைய பெயரையும் எழுதிக்கொண்டார்.