முதிய நோயாளியின் நம்பிக்கையைக் கெடுக்கும் தவறுகள்: புதிய செவிலியர்களுக்கு

வார்டுக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு அணியிலும் அதே தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. மூத்த செவிலியர்கள் பலரும் ஆரம்பத்தில் செய்து, பட்டுத் தெளிந்து விட்டொழித்தவை. சிடுசிடுப்பது, திரையை இழுக்காமல் உடை மாற்றுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை தவறு என்று முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். கீழே உள்ளவை நல்ல மனத்தோடு செய்யப்படுபவை. அதனாலேயே யாரும் கண்டிப்பதில்லை.

"இதோ வந்துடறேன்"

அதிக விலை கொடுக்கவைக்கும் தவறு இதுதான். பார்க்கச் சின்னதாக இருப்பதால் பயிற்சியில் பெரும்பாலும் யாரும் இதைத் தொடுவதில்லை.

வழக்கமாக நடப்பது இப்படி. இதயம் பலவீனமான 78 வயது அம்மாவுக்குக் காலை 7 மணிக்கு ஃபுரோசமைடு, அதாவது சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரை, கொடுத்தாயிற்று. ஏழே முக்காலுக்கு, "சிஸ்டர், பாத்ரூம் போகணும்" என்கிறார். செவிலியர் கையில் மருந்துத் தட்டு. "இதோ, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்மா." போகிற வழியில் ஒரு படுக்கையில் டிரிப் நின்றுபோயிருக்கிறது, இன்னொன்றில் உறவினர் ஏதோ கேட்கிறார், அதற்குள் டாக்டர் ரவுண்ட்ஸ். வாய்வழி ஃபுரோசமைடு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும். ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்தில் அதன் வேகம் உச்சத்துக்குப் போகும். ரவுண்ட்ஸ் முடியட்டும் என்று சிறுநீர்ப்பை காத்திருக்காது. படுக்கையை நனைப்பதைவிடத் தானே எழுந்து போவது மேல் என்று அந்த அம்மா முடிவெடுக்கிறார். அதே மாத்திரை இரத்த அழுத்தத்தையும் இறக்கியிருக்கிறது. எழுந்ததும் தலை சுற்றுகிறது. விழுந்ததில் இடுப்பெலும்பு முறிகிறது.

பிறகு விபத்து அறிக்கையில், "நோயாளி உதவி கேட்காமல் தானாக எழுந்தார்" என்று ஒரு வரி. இதைப் படிக்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. அவர் உதவி கேட்டார். ஐந்து நிமிடம் என்று பதிலும் கிடைத்தது. அந்த ஐந்து நிமிடம் கடந்து வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தார்.

விழாமல் தப்பியவர்களிடம் சேதம் மெதுவாக நடக்கிறது. கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பதை இரண்டே நாளில் தெரிந்துகொள்கிறார்கள். அதற்கேற்பத் தங்களை மாற்றிக்கொள்கிறார்கள். தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள். வயதாக ஆகத் தாக உணர்வே மங்கிவிடுவதால் அது அவர்களுக்குச் சிரமமாகவும் இருக்காது. பின்னாலேயே மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, திடீர் மனக்குழப்பம் எல்லாம் வரும். இன்னும் சிலர் நீர் மாத்திரையையே கன்னத்தில் ஒதுக்கிவைத்து, பிறகு டிஷ்யூ பேப்பரில் துப்பிவிடுவார்கள். கால் வீக்கமும் மூச்சு வாங்குவதும் ஏன் குறையவில்லை என்று டாக்டர் அளவைக் கூட்டுவார். கேட்டால், "உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு" என்பார்கள். இந்தப் பதில் வந்தால் அதைப் பணிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உறவு ஏற்கெனவே உடைந்துவிட்டது.

செய்ய வேண்டியவை:

வாயைத் திறக்குமுன் கணக்குப் போடுங்கள். நீர் மாத்திரை போட்டவர் கழிப்பறை கேட்டால், விரிப்பு மாற்றுவதும் சார்ட் எழுதுவதும் பின்னால் போகட்டும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ அங்கே காத்திருக்கிறது என்றால் அதை மறைக்காமல் சொல்லி, உடன் பணியில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு நகருங்கள்.

காத்திருக்கக்கூடிய வேலை என்றால் கடிகார நேரம் சொல்லுங்கள். "அஞ்சு நிமிஷம்" என்பது படுத்திருப்பவருக்கு அளக்க முடியாத ஒன்று. "எட்டேகாலுக்கு வர்றேன்" என்பதைச் சுவரைப் பார்த்தே சரிபார்க்கலாம். பத்து நிமிடம் ஆகும் என்று தோன்றினால் இருபது என்று சொல்லுங்கள். முன்னால் வந்ததற்காக யாரும் கோபித்துக்கொண்டதில்லை. தாமதமாகும் என்று தெரிந்தால், சொன்ன நேரத்துக்கு முன்பே பத்து வினாடி முகத்தைக் காட்டிப் புது நேரம் சொல்லிவிட்டுப் போங்கள்.

அழைப்பு மணியை வேலை செய்யும் கையில் கொடுங்கள். பக்கவாதம் வந்தவருக்கு அது செயலிழந்த கைப்பக்கம் தொங்கிக்கொண்டிருப்பதை எந்த வார்டிலும் பார்க்கலாம். ஒருமுறை அழுத்தச் சொல்லிப் பாருங்கள். விரலில் பலம் போதுமா, மணி அடிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். நீர் மாத்திரை கொடுத்து முக்கால் மணியில் நீங்களே போய் நில்லுங்கள். எழுப்புமுன் படுக்கை ஓரத்தில் கால் தொங்க ஓரிரு நிமிடம் உட்காரவைத்து, தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள். படுத்த நிலையில் பார்த்த இரத்த அழுத்தம், நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவில் 20-ஓ கீழ் அளவில் 10-ஓ இறங்கினால் அதை டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். பகலில் மணிக்கொருமுறை ஒரு சுற்று போய், வலி, படுத்திருக்கும் நிலை, கழிப்பறைத் தேவை, தண்ணீரும் கண்ணாடியும் கைக்கெட்டுகிறதா என்று நான்கை மட்டும் கேட்டால் போதும். மணி அடிப்பது தானாகவே குறையும்.

ஷிஃப்ட் மாறும்போது வாக்குகளையும் ஒப்படையுங்கள். "ஆறாம் படுக்கை ஐயாவுக்கு மகளோடு போனில் பேசவைப்பதாகச் சொல்லியிருக்கிறேன், இன்னும் செய்யவில்லை." பிபி அளவோடு சேர்ந்து இதுவும் ஹேண்ட்ஓவரில் போக வேண்டும். யார் டியூட்டியில் கொடுத்த வார்த்தை என்று நோயாளி பிரித்துப் பார்ப்பதில்லை.

குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசுவது

"செல்லம், வாயைத் திறங்க பார்க்கலாம்", "நாம குளிச்சிடலாமா", "சமத்து!" எல்லாம் அன்பால் வருபவைதான். ஆனால் மறதி நோய் உள்ளவர்களிடம்கூட இந்த வகைப் பேச்சு பராமரிப்புக்கு எதிர்ப்பைக் கூட்டுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கையைத் தட்டிவிடுவது, வாயை இறுக மூடிக்கொள்வது எல்லாம் அந்த எதிர்ப்புதான். சொற்கள் புரியாமல் போனாலும் தொனி புரிகிறது.

முதல் சந்திப்பிலேயே, "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்டு, பதிலைக் கேஸ் ஷீட்டின் மேலேயே எழுதிவையுங்கள். 'பாட்டி' என்றால் சிலருக்கு மகிழ்ச்சி. நாற்பது ஆண்டு ஆசிரியையாக இருந்த ஒருவர் 'டீச்சர்' என்பதைத்தான் விரும்பக்கூடும். ஒரு கேள்வி கேட்டால், பதிலுக்குப் பத்து வினாடி வரை விடுங்கள். ஐந்தாவது வினாடியில் கேள்வியை வேறு மாதிரி மாற்றிக் கேட்டால், அவர் மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டும்.

காது கேட்காததைக் குழப்பம் என்று எழுதுவது

வயதால் வரும் செவித்திறன் குறைவில் முதலில் போவது கீச்சான ஒலிகள். ஸ, ஷ, ஃப போன்றவை நழுவிவிடும். பேச்சு காதில் விழும், சொல் பிடிபடாது. அதனால் குரலை உயர்த்திக் கத்தினால் நிலைமை மோசமாகும். கத்தும் முகம் கோபமான முகமாகத் தெரியும் என்பது வேறு. ஒரு மீட்டர் தூரத்தில், அவர் கண் மட்டத்துக்கு வந்து, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி, தாழ்ந்த குரலில் சற்று நிதானமாகப் பேசுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் உதடு தெரியாது.

காது மெஷின் இருந்தால் அது மேசை டிராயரில் தூங்குகிறதா என்று பாருங்கள். கைக்குள் பொத்திப் பிடித்தால் பெரும்பாலும் கீச்சிடும். கீச்சிடாவிட்டால் முதலில் பேட்டரி, அடுத்து நுனியில் அடைத்த குறும்பி. சிவப்புக் குறி வலது காதுக்கு, நீலம் இடதுக்கு. மெஷினே இல்லையென்றால் ஸ்டெதஸ்கோப்பை அவர் காதில் மாட்டி, மறுமுனையில் மெதுவாகப் பேசிப் பாருங்கள். 'குழம்பிய நோயாளி' என்று எழுதப்பட்ட சிலர் அந்த நிமிடமே தெளிவாகப் பதில் சொல்வார்கள்.

மகனிடம் கேட்பது

"அப்பாவுக்கு ராத்திரி தூக்கம் வந்துச்சா?" அப்பா அங்கேயேதான் படுத்திருக்கிறார். அவரிடம் கேளுங்கள், விட்டுப்போனதை மகனிடம் பிறகு நிரப்பிக்கொள்ளலாம், அதுவும் அவர் அனுமதியோடு. தினமும் உறவினர் இல்லாமல் ஐந்து நிமிடமாவது தனியாகப் பேசுங்கள். வலி, மலம், பணக்கவலை, வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

நின்றுகொண்டே பேசுவது

உட்காருங்கள்.

மறதி நோயாளியைத் திருத்துவது

"உங்கம்மா செத்து முப்பது வருஷமாச்சு" என்றால், அவருக்கு அது இன்றைக்குத்தான் நடந்த மரணம். "அம்மா ஞாபகம் வந்துடுச்சா, அவங்க எப்படி இருப்பாங்க?" என்று கேளுங்கள்.

"ஒத்துழைக்கவில்லை"

இந்தச் சொல்லை நோட்ஸில் எழுதாதீர்கள். எத்தனை மணிக்கு என்ன செய்யப் போனீர்கள், அவர் என்ன சொன்னார், அடுத்து எப்போது கேட்கப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். "காலை 6-க்குக் குளிக்க மறுத்தார், குளிர்கிறது என்றார், 11-க்கு மீண்டும் கேட்க வேண்டும்." அடுத்து வருபவருக்கு இதில் வேலை இருக்கிறது, முந்தையதில் முத்திரை மட்டும்தான்.

சத்தமே போடாதவரை விட்டுவிடுவது

மணி அடிக்காதவர், எதையும் கேட்காதவர், நாள் முழுக்கத் தூங்குபவர். பிஸியான ஷிஃப்டில் இவரை எல்லோருக்கும் பிடிக்கும். திடீர் மனக்குழப்பம் கத்துவதாகவும் டியூபைப் பிடுங்குவதாகவும் மட்டும் வருவதில்லை. மந்தமாகி அடங்கிப்போகும் வகையும் உண்டு. அதிகம் தவறவிடப்படுவது அதுதான். நேற்று பேரன் கதை சொன்னவர் இன்று வாக்கியத்தைப் பாதியில் விடுகிறார் என்பதை எந்த மானிட்டரும் காட்டாது. நேற்று அந்தக் கதையைக் கேட்டவருக்குத்தான் தெரியும். சந்தேகம் வந்தால் மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். பிடி நழுவிக்கொண்டே போனால் அன்றைக்கே டாக்டருக்குத் தகவல் போக வேண்டும்.

சொல்லாமல் மறைந்துவிடுவது

செவிலியர்–நோயாளி உறவைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்காட்டிய ஹில்டகார்ட் பெப்லாவ், 1952-லேயே முடிவையும் அதில் ஒரு கட்டமாக வைத்தார். நடைமுறையில் அதிகம் தவிர்க்கப்படுவது அதுதான். விடுப்போ வார்டு மாற்றமோ இருந்தால் இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லுங்கள். அடுத்துப் பார்த்துக்கொள்ளப்போகிறவரை நேரில் அழைத்துவந்து, அவருக்கு என்ன பிடிக்கும், எது வலிக்கும் என்பதை நோயாளி முன்னாலேயே சொல்லுங்கள். தனிப்பட்ட போன் நம்பர் கொடுப்பதும், "வீட்டுக்கு வந்து பார்க்கிறேன்" என்பதும் வேண்டாம்.