கார்பன் கிளைடரில் சிக்னல் விட்டுப் போகிறதா? ஆன்டெனாவின் கடைசி 3 சென்டிமீட்டரைப் பாருங்கள்

போட்டியில் ரேடியோவில் ஓட்டும் மாடல் கிளைடர் காற்றோடு தள்ளிப் போய், தூரத்தில் தெர்மலில், அதாவது மேலெழும் வெப்பக் காற்றில், சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு நொடி ஸ்டிக்குக்குக் கட்டுப்படாமல் போய் மறுபடி கைக்கு வந்தால், பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: கிளைடருக்குள் சிக்னலை வாங்கும் ரிசீவர் போச்சு, மாற்றிவிடு. நானும் மாற்றினேன். புது ரிசீவரிலும் அதே கதை. அப்புறம்தான் டெலிமெட்ரி பதிவை, அதாவது பறக்கும்போது கிளைடர் திருப்பி அனுப்பிய தகவலை, எடுத்து உட்கார்ந்து பார்த்தேன். சிக்னல் கோடு ரம்பத்தின் பல் மாதிரி இருந்தது, ஏறக்குறைய 12 நொடிக்கு ஒரு பள்ளம். கிளைடர் ஒரு சுற்று சுற்ற எடுத்துக்கொண்ட நேரமும் அதுவேதான். அதாவது ஒவ்வொரு சுற்றிலும் வால் என் பக்கம் திரும்பி, மூக்கு எனக்கு எதிர்த்திசையில் இருந்த அந்தக் கணத்தில் மட்டும் சிக்னல் விழுந்திருக்கிறது. ரிசீவர் கெட்டிருந்தால் இப்படித் தாளம் தப்பாமல் விழாது. ஆன்டெனாவை வைத்த இடம்தான் கோளாறு.

காரணம் எளிது. கார்பன் ஃபைபர் மின்சாரம் கடத்தும், அதனால் ரேடியோ அலையைத் தடுக்கும். கண்ணாடி இழையும் கெவ்லாரும் தடுக்காது. முன்பு 35 அல்லது 72 மெகாஹெர்ட்ஸில் பறக்கவிட்ட காலத்தில் ரிசீவர் ஒயர் ஒரு மீட்டர் அளவுக்கு நீளமாக இருக்கும், உள்ளே அடக்க முடியாது, வெளியே விட்டே ஆக வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்தபின் அலைநீளமே 12.5 சென்டிமீட்டர், அதில் கால் பங்கான 31 மில்லிமீட்டர்தான் ஆன்டெனா என்று ஆகிவிட்டது. இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று எல்லோரும் உள்ளே திணிக்க ஆரம்பித்தோம். தொல்லை அங்கேதான் தொடங்கியது.

ரிசீவரிலிருந்து வரும் மெல்லிய கேபிளைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பகுதி தடிப்பாக இருக்கும், நுனியில் 3 சென்டிமீட்டர் மட்டும் மெலிந்திருக்கும். அந்த மெலிந்த நுனிதான் ஆன்டெனா. மீதியெல்லாம் சிக்னலைக் கொண்டுவரும் குழாய் மாதிரி, அது கார்பன்மேல் படுத்துக் கிடந்தாலும் பரவாயில்லை. நுனி மட்டும் கார்பனுக்குள் இருக்கக் கூடாது, அதை ஒட்டிப் படுக்கவும் கூடாது. நுனி ஒரு சென்டிமீட்டர் வெட்டுப்பட்டிருந்தாலோ, மெல்லிய பகுதி தொடங்கும் இடத்தில் மடிந்து உடைந்திருந்தாலோ ஒட்டிச் சமாளிக்காமல் ஆன்டெனாவையே மாற்றுங்கள்.

அடுத்து, உங்கள் கிளைடரின் மூக்கு எதனால் ஆனது என்று உறுதிசெய்யுங்கள். போட்டிக் கிளைடர்களில் பலதும் மூக்கு மட்டும் கெவ்லாரிலோ கண்ணாடி இழையிலோ வருகின்றன. ஆனாலும் கனோபி (மூக்குப் பகுதியைத் திறந்து மூடும் மூடி) வெட்டின் ஓரமாகப் பலத்துக்காகக் கார்பன் பட்டை ஓடவிட்டிருப்பார்கள். நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம், கருப்புச் சாயம் கலந்த கண்ணாடி இழையும் பார்க்கக் கார்பன் மாதிரியே இருக்கும். வெட்டு ஓரத்தை லேசாக உப்புத்தாளால் தேய்த்து மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் வையுங்கள். ரெசிஸ்டன்ஸ் காட்டினால் அது கார்பன். தேய்க்காமல் வைத்தால் மேலே இருக்கும் பிசின் மீட்டரை ஏமாற்றிவிடும்.

உடல் முழுக்கக் கார்பன் என்றால் வேறு வழியே இல்லை, ரிசீவரில் இருக்கும் இரண்டு ஆன்டெனாக்களின் நுனிகளும் வெளியே வர வேண்டும். சிலர் ஒன்றை மட்டும் வெளியே விட்டு மற்றதை உள்ளேயே சுருட்டி வைப்பார்கள். அது இரண்டு ஆன்டெனாவுக்குக் காசு கொடுத்து ஒன்றை வைத்துப் பறப்பதுதான். இரண்டும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் இருக்கட்டும். ஆன்டெனாவின் நுனி நேராக உங்களை நோக்கும்போது அந்தத் திசையில் அதற்குக் காது கிட்டத்தட்ட கேட்காது. தெர்மலில் சுற்றும் கிளைடர் எல்லாத் திசையிலும் திரும்பிக்கொண்டே இருப்பதால், ஒன்று செவிடாகும் கணத்தில் இன்னொன்று கேட்க வேண்டும்.

துளை போடும் வேலையில் அவசரம் வேண்டாம். கார்பன் துளையின் ஓரம் ரம்பம் போலக் கேபிளின் உறையை அறுத்துவிடும். துளையை நன்றாகத் தேய்த்து, மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகி ஒட்டிவிட்டு, அதற்குள் ஆன்டெனாவை விடுங்கள். குழாய் வெளியே 4 சென்டிமீட்டர் நீண்டால் மெலிந்த பகுதி முழுவதும் உடலுக்கு வெளியே நிற்கும், வளையவும் செய்யாது. இறங்கும்போது உடலின் அடிப்பகுதி தரையில் உரசும், அங்கே வேண்டவே வேண்டாம். பக்கவாட்டில், சற்றுப் பின்நோக்கிச் சாய்த்து வைப்பதுதான் என் பழக்கம். எஃப்3எஃப் போன்ற வேகப் போட்டியில் பறப்பவர்கள் காற்றுத் தடைக்குப் பயந்து உள்ளேயே வைக்க விரும்புவார்கள். மூக்கு முழுக்கக் கெவ்லார் என்றால் சரி, வைக்கலாம். ஆனால் பேட்டரி, மூக்கு நுனி ஈயம், சர்வோ (இறக்கை, வால் பகுதிகளை அசைக்கும் சின்ன மோட்டார்) ஒயர்க் கொத்து இவற்றையெல்லாம் விட்டுத் தள்ளியே வையுங்கள். இவையும் கார்பனைப் போலவே மறைக்கும்.

ரிசீவர் பக்கத்தில் ஆன்டெனா பொருந்தும் சின்ன பட்டன் கனெக்டரையும் பாருங்கள். கடினமாக இறங்கினால் அது கழன்றுவிடும். ஒன்று கழன்றாலும் மற்றது வேலை செய்வதால் தரையில் எதுவும் தெரியாது, தூரத்தில் தப்பான கோணத்தில் திரும்பும்போதுதான் தெரியும். ஒரு துண்டு டேப் போட்டு அழுத்தி வைத்தால் போதும்.

சிக்னல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்கும் ரேஞ்ச் டெஸ்ட்டைத்தான் பலர் சடங்கு மாதிரி செய்கிறார்கள், எனக்கு வருத்தமே அதுதான். கிளைடரைப் புல்லில் வைத்துவிட்டு 30 அடி எடுத்து நடந்து, சர்வோ ஆடுகிறது, சரி என்று வந்துவிடுவது டெஸ்ட் இல்லை. முதலில் ரிசீவரையும் பேட்டரியையும் வெளியே எடுத்து ஓர் அட்டைப் பெட்டிமேல் இடுப்பு உயரத்தில் வைத்து, டிரான்ஸ்மிட்டரைக் குறைந்த சக்தி நிலைக்கு மாற்றி, கட்டுப்பாடு விடும் தூரம் வரை நடந்து அந்தத் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லாவற்றையும் உள்ளே பொருத்தி, இறக்கை மாட்டி, கனோபி மூடி, பாலஸ்ட்டும் (கூடுதல் எடை) போட்டு, ஒருவரைத் தோள் உயரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். அவர் மூக்கைத் தொடாமல் பின்னால் பிடித்து, மூக்கு, வால், வயிறு, முதுகு, இரண்டு பக்கம் என ஒவ்வொன்றாக உங்களுக்குக் காட்டட்டும். அவர் உடம்பு குறுக்கே வரக் கூடாது. எந்தக் கோணம் மிக மோசமோ அந்தத் தூரம்தான் உங்கள் உண்மையான ரேஞ்ச். தூரம் பாதியானால் 6 டெசிபல் போய்விட்டது என்று அர்த்தம். வெளியே வைத்து எடுத்த தூரத்தில் பாதிக்குக் கீழே வந்தால் அந்தக் கிளைடரை நான் போட்டிக்கு எடுத்துப் போக மாட்டேன்.

எல்லாப் பழியையும் ஆன்டெனாமேல் போடவும் கூடாது. பதிவில் ரிசீவர் வோல்டேஜையும் பாருங்கள். இறங்கும்போது எல்லா சர்வோவும் ஒன்றாக ஃபிளாப்பை இறக்கும், அந்த நொடியில் வோல்டேஜ் சட்டென்று விழுந்து ரிசீவர் அணைந்து மீண்டும் எழுந்தால் அதுவும் சிக்னல் போன மாதிரியேதான் தெரியும். அதற்கு பேட்டரியையும் கனெக்டரையும்தான் கவனிக்க வேண்டும்.

சிக்னல் முழுவதும் போனால் கிளைடர் தானாக என்ன செய்ய வேண்டும் என்கிற ஃபெயில்சேஃபை வீட்டிலேயே அமைத்துவிடுங்கள். மோட்டார் இருந்தால் நிற்க வேண்டும், பிரேக் பாதி இறங்கி, ரடர் லேசாக ஒரு பக்கம் திரும்பி, கிளைடர் பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டு இறங்க வேண்டும். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைத்து, சொன்னபடி நடக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

பறக்கும்போது டிரான்ஸ்மிட்டர் ஆன்டெனாவின் நுனியைக் கிளைடரை நோக்கி நீட்டாதீர்கள், பக்கவாட்டு முகம்தான் அதைப் பார்க்க வேண்டும். முன்னால் உதவியாளரோ அடுத்த பைலட்டோ நின்றால் நகரச் சொல்லுங்கள், மனித உடம்பில் இருக்கும் தண்ணீர் 2.4 கிகாஹெர்ட்ஸை நன்றாகவே விழுங்கும். அப்படியும் எச்சரிக்கை ஒலித்தால் டிரான்ஸ்மிட்டரைத் தலைக்கு மேல் தூக்குங்கள், கிளைடரின் பக்கவாட்டை உங்கள் பக்கம் திருப்புங்கள், உயரம் விடாமல் திரும்பி வாருங்கள். தரையை ஒட்டித் தாழப் பறந்து புள்ளிகளுக்காக இழுத்துக்கொண்டு வரும்போதுதான் சிக்னல் மிகவும் மெலியும். அந்தச் சுற்றை விட்டுக்கொடுத்து, இருக்கும் உயரத்தோடே வீடு திரும்பும் முடிவை அப்போதே எடுங்கள்.