அம்மா "பியூட்டிஃபுல்" தான், "பியூட்டிஃபுல்லி" இல்லை: வேர்ப், அட்வேர்ப் பிரித்தறியும் முறை

அண்ணன் மகள் இந்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறாள். போன கிழமை அவளுடைய ஆங்கிலக் கொப்பியைப் புரட்டினேன். "மை மதர் இஸ் பியூட்டிஃபுல்லி" என்ற வசனம் சிவப்பு மையில் சுழிக்கப்பட்டிருந்தது. அதே வயதில் அதே வசனத்துக்கு நானும் அதே சுழி வாங்கியிருக்கிறேன். ஏன் பிழை என்று அன்று யாரும் விளக்கவில்லை. நானாகக் கண்டுபிடிக்கப் பல வருடங்கள் போயின. அந்தப் பிழை நம் தமிழிலிருந்தே வருகிறது.

ஒரு சி.ஆர். கொப்பி, சிவப்புப் பேனை, பச்சைப் பேனை எடுத்துக்கொள்ளுங்கள். போனில் மொழிபெயர்க்கும் அப் இதற்கு உதவாது. முழு வசனத்தையும் மாற்றித் தரும், எந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று காட்டாது. ஒக்ஸ்போர்டின் மாணவர் அகராதி போல ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் அருகிலேயே அதன் வகை போட்டிருக்கும்.

முதல் படி: வேர்ப்பை, அதாவது வினைச்சொல்லைப் பிடியுங்கள். வசனத்துக்கு முன்னால் "யெஸ்டர்டே" போடுங்கள். எந்தச் சொல் உருமாறுகிறதோ அதுதான் வேர்ப். "ஷீ வோக்ஸ் ஸ்லோலி" என்பது "யெஸ்டர்டே ஷீ வோக்ட் ஸ்லோலி" ஆகிறது. "வோக்ஸ்" மாறியது, அதற்குச் சிவப்புக் கோடு. "ஸ்லோலி" அசையவே இல்லை. தமிழிலும் இப்படித்தான்: நடக்கிறாள், நடந்தாள், நடப்பாள் என்று வினை மாறும், "மெதுவாக" அப்படியே நிற்கும்.

இரண்டாம் படி: வேர்ப்பிடம் கேள்வி கேளுங்கள். எப்படி, எப்போது, எங்கே, எத்தனை தடவை? ஒரே சொல்லில் பதில் வந்தால் அது அட்வேர்ப், அதாவது வினையடை. பச்சைக் கோடு. "அம்மா குயிக்லி கொழுந்து பறிக்கிறார்." எப்படிப் பறிக்கிறார்? "குயிக்லி".

மூன்றாம் படியில்தான் நான் விழுந்தேன். தமிழில் "ஆக" வந்தால் ஆங்கிலத்தில் கடைசியில் "லி" என்று நம்பியிருந்தேன். வேகமாக என்றால் "குயிக்லி", கவனமாக என்றால் "கெயார்ஃபுல்லி". பத்தில் எட்டுத் தடவை சரியாகவே வரும், அதனால்தான் சந்தேகமே வரவில்லை. இந்த இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்:

அம்மா அழகாகப் பாடுகிறார்.
அம்மா அழகாக இருக்கிறார்.

நமக்கு இரண்டிலும் ஒரே "அழகாக". ஆங்கிலத்தில் முதலாவது "மை மதர் ஸிங்ஸ் பியூட்டிஃபுல்லி". பாடும் விதத்தைச் சொல்வதால் அட்வேர்ப். இரண்டாவது "மை மதர் இஸ் பியூட்டிஃபுல்". அங்கே அழகு அம்மாவுடையது, எந்தச் செயலுடையதும் அல்ல. ஆளையோ பொருளையோ வர்ணிப்பதால் அது அட்ஜெக்டிவ், "லி" ஒட்டாது. ஆகவே "ஆக" வந்ததும் அடுத்த சொல்லைப் பாருங்கள். "இரு" என்ற வினை நின்றால் "லி"யை விட்டுவிடுங்கள். பசியாக இருக்கிறேன், குளிராக இருக்கிறது, எல்லாம் இந்த வகைதான்.

"டேஸ்ட்", "ஸ்மெல்", "லுக்", "ஃபீல்" என்பவை இரண்டு பக்கமும் போகும். தேத்தண்ணி கசக்கிறது என்றால் "த டீ டேஸ்ட்ஸ் பிட்டர்". ஃபெக்டரியில் ருசி பார்ப்பவர் உறிஞ்சிப் பார்க்கும்போது "ஹீ டேஸ்ட்ஸ் த டீ கெயார்ஃபுல்லி". வேர்ப்பை எடுத்துவிட்டு "இஸ்" வைத்துப் பாருங்கள். "த டீ இஸ் பிட்டர்" பொருந்துகிறது, "லி" வேண்டாம். "ஹீ இஸ் த டீ" பொருந்தாது, அது உண்மையான செயல், அட்வேர்ப் வரலாம்.

நான்காம் படி, சுருக்கமாக: "நொட்", "நெவர்" இரண்டும் அட்வேர்ப். "வரமாட்டாள்" என்று நாம் மறுப்பை வினைக்குள்ளேயே வைத்துவிடுவதால், "நொட்" வேர்ப்பின் துண்டு போலத் தெரியும். "யெஸ்டர்டே" சோதனையில் அது மாறாது.

பின்சேர்க்கை: இதை வாசித்த ஒருவர், "லி"யில் முடியாத அட்வேர்ப்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தார். இரண்டாம் படியின் கேள்விதான் வழி. "ஃபாஸ்ட்", "ஹார்ட்", "வெல்", "ஸூன்" எல்லாம் அப்படி வருபவை. "ஷீ வேர்க்ஸ் ஹார்ட்" என்றால் மாடாய் உழைக்கிறாள். "ஷீ ஹார்ட்லி வேர்க்ஸ்" என்றால் வேலையே செய்வதில்லை என்கிற அளவு. கொழுந்து மலையில் நாள் முழுக்க நிற்கும் அம்மாவைப் பற்றி எழுதும்போது இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று: எழுத்தில் எல், வை என்று முடிவதெல்லாம் அட்வேர்ப் ஆகாது. "ரிப்ளை", "அப்ளை", "சப்ளை", "ரிலை" எல்லாம் வேர்ப். "ஃப்ரெண்ட்லி", "லவ்லி" அட்ஜெக்டிவ். அண்ணன் மகள் "ரிப்ளை"க்குப் பச்சைக் கோடு போட்டிருந்தாள். "யெஸ்டர்டே" போட்டுப் பார்க்கச் சொன்னேன். "ரிப்ளைட்" என்று வந்ததும் அவளே சிவப்புப் பேனையை எடுத்தாள்.