இங்கிலாந்துச் சிறுகாடுகளில் இறைச்சிக்காகக் கேளையாடு வேட்டை

மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் கேளையாடு என்னும் சிறுமானின் சீன உறவினமான ரீவ்ஸ் கேளையாடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெட்ஃபோர்டுஷயரின் வோபர்ன் பூங்காவில் வளர்க்கப்பட்டு, அங்கிருந்து தப்பியும் பிற இடங்களில் விடப்பட்டும் இன்று தெற்கு, நடு இங்கிலாந்தின் காடுகளில் பெருகிவிட்டது. இதை இரையாக்கக்கூடிய பெரிய விலங்கு அங்கு இல்லாததால், புளூபெல் பூச்செடிகளையும் வெட்டிய மரங்களின் புதுத் தளிர்களையும் தின்று காட்டின் அடித்தளத்தையே வெறுமையாக்கிவிடுகிறது. ஆகவே அளவறிந்து இதை வேட்டையாடி இறைச்சியைப் பயன்படுத்துவது காட்டுக்கும் நன்மையே. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கேளையாட்டை வேட்டையாடுவது குற்றம். இங்கே கூறப்படுவன இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும்.

நிலத்துக்குரியவரின் அனுமதியும், காவல்துறை வழங்கும் துப்பாக்கிச் சான்றிதழும் கையில் இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. கேளையாட்டுக்கு 0.220 அங்குலத்துக்குக் குறையாத குழல்விட்டமும், குழல்வாயில் 1,000 அடி-பவுண்டுக்குக் குறையாத ஆற்றலும் கொண்ட ரைஃபிளும், 50 கிரெய்ன் (ஏறக்குறைய 3.2 கிராம்) எடைக்குக் குறையாத, உடலில் பட்டதும் விரியும் வகைக் குண்டும் வேண்டும் என்கிறது சட்டம். சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழிந்தது முதல் மறுநாள் உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்புவரை சுடுவதற்குத் தடை உண்டு. மற்ற மான்களுக்கு இருப்பதுபோல் இதற்கு வேட்டை விலக்குக் காலம் கிடையாது. அந்த விடுதலையே வேட்டைக்காரரின் பொறுப்பைக் கூட்டுகிறது.

ஏனெனில் கேளையாடு ஆண்டு முழுவதும் குட்டி போடும். சினைக்காலம் ஏறக்குறைய 7 மாதம்; ஈன்ற சில நாட்களிலேயே பெண் மீண்டும் சினைப்பட்டுவிடும். எனவே எந்த மாதத்தில் ஒரு வளர்ந்த பெண்ணைக் கண்டாலும், புதருக்குள் அதன் பாலை நம்பிக் குட்டி ஒன்று படுத்திருக்கக்கூடும். வயிறு தெளிவாகப் பருத்த நிறைசினைப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தால், அதன் முந்தைய குட்டி பால் மறந்து தனித்து வாழும் பருவத்தை எட்டியிருக்கும்; இன்னும் முழு வளர்ச்சி அடையாத இளம் பெண்ணைத் தேர்ந்தெடுத்தாலும் குட்டி அனாதையாகாது. நிறைசினையைச் சுட மனம் தயங்குவது இயல்புதான். ஆயினும், மெலிந்த வயிற்றுடன் தெரியும் தாயைச் சுட்டுவிட்டு அதன் குட்டியைப் பட்டினியில் சாகவிடுவது அதைவிடக் கொடுமை என்பதே என் உறுதியான கருத்து. ஐயம் எழுந்தால் துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும். ஆணை அடையாளம் காண்பது எளிது: அதன் நெற்றியில் கருங்கோடுகள் ஆங்கில 'வி' வடிவில் கொம்புக்காம்பு நோக்கி ஏறும், பெண்ணின் நெற்றியில் காற்றாடிப் பட்டம் போன்ற கரும் திட்டு இருக்கும்.

விடியலிலும் அந்தியிலும் காற்று முகத்தில் வீசும் திசையில், சில அடி நகர்ந்து, நின்று, தொலைநோக்கியால் புதர்களின் அடிப்பகுதியைத் துழாவி, மறுபடியும் நகர வேண்டும். முழு விலங்கைத் தேடுபவர் அதைக் காணமாட்டார். முட்புதரின் இடையே அசையும் ஒரு காதையோ, கூன்போல் வளைந்த முதுகின் ஒரு துண்டையோ தேடுபவரே காண்பார். கேளையாடு ஓரிடத்தில் நின்று மேய்வது குறைவு என்பதால், அதன் வழித்தடமும் முட்புதரும் சந்திக்கும் இடத்தில் அமைத்த பரண்மீது காத்திருப்பதே பல வேளைகளில் நடந்து தேடுவதைவிடப் பலன் தரும். மேலிருந்து சுடும்போது குண்டு மண்ணில் புதையும் என்பது பரணின் இன்னொரு நன்மை. தரையிலிருந்து சுடுபவர், விலங்குக்குப் பின்னால் கெட்டியான மண்மேடு இருப்பதைக் கண்ணால் உறுதிசெய்யாமல் விசையைத் தொடக்கூடாது. ரைஃபிள் குண்டு மைல் கணக்கில் பாயும், புதர் அதைத் தடுக்காது.

ஊன்றுகோலில் துப்பாக்கியைத் தாங்கி, விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே மார்பைக் குறிவைக்க வேண்டும். சுட்டபின் அது நின்றிருந்த இடத்தைக் கண்ணால் பதித்துக்கொண்டு, சில நிமிடங்கள் அசையாமல் இருந்துவிட்டுச் சென்று, அங்குள்ள இரத்தத்தையும் மயிரையும் பார்த்து, தேவைப்பட்டால் பயிற்சி பெற்ற நாயுடன் தேட வேண்டும்.

குடலைத் தாமதமின்றி எடுத்துவிட வேண்டும். இரைப்பையும் சிறுநீர்ப்பையும் கிழிந்தால் கறி கெடும். நுரையீரல், ஈரல், குடல் ஆகியவற்றின் நிணநீர்க் கணுக்களைத் தொட்டுப் பார்த்து, வீக்கமோ சீழோ தென்பட்டால் அதை உண்ணக் கூடாது; மாட்டுக் காசநோய் என்ற ஐயம் தோன்றினால் விலங்கு நல அரசு முகமைக்கு அறிவிப்பது சட்டக் கடமை. வீடு திரும்பியதும், உண்ணி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று உடலைப் பார்க்க வேண்டும், லைம் நோய் என்னும் தொற்று அதனால் பரவும்.

உடலை 7 டிகிரி செல்சியசுக்கு மேற்போகாத குளிரறையில் தொங்கவிட வேண்டும். சிறிய விலங்காதலால் சில நாட்களே போதும். கொழுப்பு மிகக் குறைவு என்பதால் முதுகுக்கறியைச் சூடான சட்டியில் சட்டென வதக்கி எடுக்க வேண்டும். தோள்கறியையும் கழுத்தையும் மிளகும் வெங்காயமும் சேர்த்து, எலும்பிலிருந்து கழன்று வரும்வரை இளந்தீயில் வேகவிடலாம்.